ரெண்டு சீட்டு, ஒரு குண்டூசி

"மேடம், அந்தப் பொண்ணோட கார்டைப் பிடுங்கிரலாமா?"

கேட்டது குணபாலன் சாரு. எங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் புதுசா வந்த அசிஸ்டென்ட் லைப்ரரியன். கோல்டு மெடல் பார்ட்டி. ஃபேன் சுத்துனாலே மொறைப்பாரு.

பெரிய லைப்ரரியன் செண்பகவல்லி மேடம் நிமிரவே இல்ல.

"எதுக்கு?"

"புகார்ப் பெட்டியத் தொறந்தேன் மேடம். முப்பத்தோரு சீட்டு. பத்தொம்போது அந்த ஒச்சம்மா மேல. வாய்விட்டுப் படிக்குதாம். திங்கக்கெழம சென்னையிலேருந்து கமிட்டி வருது. அதுக்குள்ள எல்லாத்துக்கும் பதில் எழுதி போர்டுல குத்தணும்."

"கூப்பிடுங்க."

ஒச்சம்மா வந்துச்சு. எம்.ஏ. வரலாறு. பரீட்சைக்குப் பன்னண்டு நாளு. வீட்ல ஒரே ரூமு, ஆறு பேரு. இங்க கார்டு போச்சுன்னா பரீட்சையும் போச்சு.

"ஏம்மா, மனசுக்குள்ள படிக்க வராதா?"

"வரல மேடம். வாய மூடுனா கண்ணும் சேந்து மூடிக்குது."

"ஒத்துக்கிருச்சு பாருங்க!" குணபாலன் சாரு என்னமோ கொலகாரனப் பிடிச்ச மாதிரி நின்னாரு.

"மிச்சச் சீட்டுல என்ன?"

"கக்கூஸ், கொசு, உடைஞ்ச நாற்காலி. அப்புறம் பெனடிக்ட்னு ஒரு பையன், கண்ணு தெரியாது. அவனும் எம்.ஏ. வரலாறுதான். தடவிப் படிக்கிற புஸ்தகம் பாடத்துக்கு ஒண்ணுகூட இல்லியாம். கேட்டுப் படிக்கவாவது ஏதாச்சும் வைங்கங்குறான்."

"என்ன பதில் எழுதுனீங்க?"

"பரிசீலனையில் உள்ளது."

மேடம் கைய நீட்டுனாங்க. ஒச்சம்மா மேல வந்த சீட்டுல ஒண்ணு. பெனடிக்ட் சீட்டு. ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ஒரே குண்டூசியால குத்துனாங்க.

"போர்டுல போடுங்க."

"மேடம்... பதிலு?"

மேடம் டிராயரத் தொறந்து பைண்டிங் ரூம் சாவிய எடுத்து ஒச்சம்மா கையில வச்சாங்க.

"பெனடிக்ட்டுக்கும் சேத்துப் படிப்பியா?"

"எப்படியும் கத்தத்தான மேடம் போறேன். ஒரு ஆளு கேட்டா கசக்கவா போகுது?"

"சார், நீங்க கதவுகிட்ட நில்லுங்க. ஹாலுக்குச் சத்தம் வருதான்னு பாருங்க."

மொத நாளு சாரு காதப் பொத்திக்கிட்டு நின்னாரு.

மறுநாளு ஸ்டூல் கேட்டாரு.

அதுக்கு மறுநாளு ஸ்டூலு காலியா கெடக்குது. ஆள் எங்கன்னு பாத்தா, உள்ள பெனடிக்ட் பக்கத்துல ஒக்காந்து, "ஏம்மா, அந்தப் போர்ல யாருதான் ஜெயிச்சா? சட்டுனு சொல்லு"ங்குறாரு.

திங்கக்கெழம கமிட்டி வந்துச்சு. பைண்டிங் ரூம் கதவுகிட்ட தலைவரு நின்னுட்டாரு.

"உள்ள யாருங்க கத்துறது?"

குணபாலன் சாரு நெஞ்ச நிமித்துனாரு.

"புக்கு சார். ஒரே காப்பிதான். வேற எந்த யுனிவர்சிட்டிலயும் கெடைக்காது."