திம்பம் மலையில் காத்து நின்ற வாந்தி

ஆவுடையப்பனுக்கு வயிற்றெரிச்சல் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் சகலை செந்தில்வேலனின் புதுக் கார் மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றதிலிருந்து அவருக்கு இட்லி இறங்கவில்லை. அந்தக் காரில் முன் சீட்டுகளின் முதுகில் பிள்ளைகள் பார்ப்பதற்கென்றே டிவி வைத்திருந்தது.

மதுரையிலிருந்து திருப்பதிக்கு இரண்டு கார்களில் புறப்பாடு. இவருக்கு இரண்டு பிள்ளைகள், சகலைக்கு மூன்று. ஐந்தும் டிவி காரில், மாமனார் மாமியார் ஆவுடையப்பனின் பழைய காரில் என்று முடிவாகியிருந்தது. பழைய பாட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"டிவியெல்லாம் எதுக்கு சகலை? போன வருஷம் மைசூர் போனோம். என் பிள்ளைக போனைத் தொடவே இல்ல. நான் ஒரு கதைதான் சொன்னேன். பின்னால சத்தமே இல்ல. பிள்ளைகள வீட்லயே விட்டுட்டு வந்துட்டமோன்னு திண்டுக்கல்ல வண்டிய நிறுத்தி எண்ணிப் பாத்தேன்னா பாத்துக்கங்க."

அவர் மனைவி கோமதி ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்டிக் கவர்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மைசூர் வரைக்கும் ஒரே கதையா?" என்றார் செந்தில்வேலன்.

"ஒரே ராஜா, ஒரே குதிரை. டோல்கேட்ல இருந்த பொண்ணு காதுல கொஞ்சம் விழுந்துச்சு. கட்டையத் தூக்க மறந்துருச்சு. பின்னால லாரி, பஸ்ஸு எல்லாம் வரிசையா நிக்குது. ஒருத்தன் ஹார்ன் அடிக்கணுமே? அத்தனை பேரும் எறங்கி வந்து நம்ம கார சுத்தி உக்காந்துட்டான். ஆம்புலன்ஸ்ல படுத்திருந்தவரு எந்திரிச்சு, 'குதிரைக்கு அப்புறம் என்னாச்சு'ங்கிறாரு."

மாமனார் சட்னியைத் தொட்டபடி யோசித்தார். "இப்பல்லாம் மிஷினுதான மாப்ளை கட்டையத் தூக்குது?"

"அதுவும் கேட்டுக்கிட்டுல்ல மாமா இருந்துச்சு."

செந்தில்வேலனின் மனைவி மங்கைக்கு வேறு கவலை. "எங்க சின்னவன் மேலூர் தாண்டுனாலே வாந்தி எடுப்பான் அத்தான். திம்பம் மலையில அத்தனை வளைவு இருக்கே, அங்க என்ன செஞ்சீங்க?"

"வாந்தி வந்துச்சும்மா. வரலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மகனுக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. ஆனா அப்பத்தான் குதிரை ஆத்துல குதிக்கிற எடம். அதுவும் தெரிஞ்சுக்கட்டுமேன்னு வாந்தி அங்கயே நின்னுருச்சு. மலை ஏறி முடிச்சோம், குதிரையும் கரை ஏறிருச்சு. இனி நமக்கு என்ன வேலைன்னு அது பேசாம கீழ எறங்கிப் போயிருச்சு."

கோமதி இன்னும் நாலு கவர்களை மடித்துப் பையில் வைத்தாள்.

யாரும் மறுத்துப் பேசாததால் ஆவுடையப்பனுக்கு வேகம் பிறந்துவிட்டது. "இதுக்கே இப்படிப் பாக்குறீங்களே. மைசூர் வந்துருச்சு, பிள்ளைக எறங்க மாட்டேங்குதுக. அரண்மனையச் சுத்திச் சுத்தி ஓட்டுறேன். பெட்ரோல் தீந்துபோச்சு. வண்டி நிக்கணும்ல? நிக்கல. நின்னா கதைய நிறுத்திருவேன்னு அதுக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலம் ராஜாவுக்குக் கல்யாணம் முடிச்சு வச்சேன், அப்புறந்தான் வண்டி நின்னுச்சு."

செந்தில்வேலன் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டுத் திறமை வீட்லயே இருக்கையில டிவியப் போட்டு பிள்ளைக கண்ண எதுக்குக் கெடுக்கணும் சகலை? அஞ்சும் உங்க வண்டியிலயே வரட்டும். பெரியவங்க நாங்க இதுல வர்றோம்."

அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை. மூன்று பிள்ளைகளோடு தூரப் பயணம் போய்வந்த எந்த மனுஷனும் இந்த விஷயத்தில் விளையாட மாட்டான்.

ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் மாமனார் முன்னால், அதுவும் டிவி கார்க்காரனிடம் எப்படிச் சொல்வது? "அதுக்கென்ன, தாராளமா" என்று சொல்லிவிட்டு கோமதியைத் தேடினார். அவள் ஏற்கெனவே சகலையின் காரில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீயாச்சும் நம்ம வண்டிக்கு வாயேன்" என்றார் மெதுவாக.

"நான் எதுக்குங்க? பெட்ரோலே இல்லாம ஓடுற வண்டி, பொண்டாட்டி இல்லாம ஓடாதா?"

பழைய கார் கிளம்பியது. மாட்டுத்தாவணி வருவதற்குள் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு அடிதடி நடந்து முடிந்திருந்தது. "போனக் குடுங்க" என்று ஐந்து குரல்களும் ஒன்றாகக் கேட்டன. வேறு வழியில்லாமல் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருகிட்ட ஒரு குதிரை..."

பின்னால் நடுவில் உட்கார்ந்திருந்த அவர் மகள், அம்மா கொடுத்துவிட்ட பையைத் திறந்தாள்.

"அப்பா கதைய ஆரம்பிச்சுட்டாரு. ஆளுக்கு ஒரு கவர் கையில வச்சுக்கங்க. அண்ணனுக்கு மட்டும் ரெண்டு."