நிறைகுளத்தாவுக்கு முந்தின பேரு

அர்த்தமா? அர்த்தத்துக்கு ஒரு குறையும் இல்ல. நிறைஞ்ச குளத்துக்குச் சொந்தக்காரி, அவ்வளவுதான். நிறைகுளத்தா. சொல்லும்போதே வாய் குளிருது பாருங்க. பொண்ணுக்கு வைக்கலாம்னு நீங்க நினைச்சதுல தப்பில்ல. ஒரு காலத்துல தெருவுக்கு நாலு நிறைகுளத்தா இருந்தாங்க. அப்புறம் ஏன் ஒருத்திகூட இல்லைன்னு கேட்டீங்கல்ல, அதைச் சொல்றேன். சின்னவங்களும் கேக்கலாம். அவங்க பயப்பட மாட்டாங்க. பெரியவங்களுக்குத்தான் கொஞ்சம் சங்கடமா இருக்கும்.

ஏரிக்கெல்லாம் காது கேட்ட காலம் அது. அடங்காமுடின்னு ஒரு ராஜா. அவரு நாட்டுல ஒரு பெரிய ஏரி. மழை பெய்யும், ஏரி நிறையும், கரை உடையும். மறுவருஷமும் மழை பெய்யும், ஏரி நிறையும், கரை உடையும். மூணாவது வருஷம் உடைஞ்சப்போ எங்கேயிருந்தோ ஒரு மந்திரவாதி வந்து நின்னான்.

"ராஜா, கரையைத் தாங்க ஒரு தோளு வேணும்."

"எந்தத் தோளு?"

"ஒரு பொண்ணோட தோளு."

ராஜா கணக்குப் போட்டாரு. கரையைப் பலப்படுத்தணும்னா பத்தாயிரம் கூடை மண்ணு சுமக்கணும். பொண்ணைச் சுமக்கறது அதைவிட லேசு. குயவர் தெருவுல ஆறாவதா பொறந்த ஒரு புள்ளையைக் கூட்டிட்டு வந்து, மதகுக்குப் பக்கத்துல தண்ணியில இறக்குனாங்க. மந்திரவாதி கரைமேல நின்னு, "இனிமே நீ நிறைகுளத்தா, நிறைகுளத்தா, நிறைகுளத்தா"ன்னான். தண்ணி மூடிக்கிச்சு. கரை நின்னுச்சு.

ஊரு மொதல்ல அழுதுச்சு. அப்புறம் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுச்சு. அப்புறம் பொறந்த பொண்ணுக்கெல்லாம் அந்தப் பேரையே வச்சுச்சு. ராஜா மகளுக்கும் அதே பேருதான். மந்திரவாதிக்கு அரண்மனையில மூணு வேளை சாப்பாடு.

பன்னெண்டு வருஷம் போச்சு. கரை கசிய ஆரம்பிச்சுது.

"தோளு அசந்துபோச்சு. அதே பேருல இன்னொருத்தி வேணும்"னு சொல்லி, உச்சி வெயில்ல கரைமேல நின்னு மூணு தடவை கூப்பிட்டான் மந்திரவாதி. நாட்டுல அந்தப் பேருக்காரிங்க அத்தனை பேரு காலும் ஏரிப்பக்கம் தானா நடந்துச்சு. கட்டிப்போட்டாலும் நிக்கல. மொதல்ல தண்ணியைத் தொட்டவளை ஏரி எடுத்துக்கிச்சு. கரைக்குக் கிட்டத்துல குடியிருக்கறது யாரு? இல்லாதப்பட்டவங்கதான். வண்ணார் வீட்டுப் பொண்ணு போயிட்டா. ராஜா மகளுக்கு அரண்மனை வாசலோட காலு நின்னுபோச்சு.

அன்னிக்கு சாயங்காலமே ராஜா மகளுக்குப் பேரு மாறிடுச்சு. சத்தமில்லாமத்தான் மாத்துனாங்க. ஆனா சத்தமில்லாமப் பண்றது ஊருக்குள்ள எவ்வளவு சத்தமாக் கேக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

அந்த நாட்டுல பேரு வைக்கறது அத்தைதான். புள்ளையோட காதுல மூணு தடவை சொல்லணும். அதை மாத்தணும்னா, வச்ச வாயே வந்து எடுக்கணும். அந்த ஒரு வாரம் நாட்டுல இருந்த அத்தைங்க அத்தனை பேரும் ஓடி வந்தாங்க. ஒருத்தியைத் தவிர.

அவ பேரு ராக்கு. விறகுவெட்டி சேவுகனோட அக்கா. ஒரு மாசத்துக்கு முன்னாடிதான் தம்பி மகளுக்கு நிறைகுளத்தான்னு பேரு வச்சிட்டு, பந்தியில உக்காந்தா. அவ இலைக்கு வரும்போது அப்பளம் தீந்துபோச்சு. எந்திரிச்சுப் போனவதான்.

மந்திரவாதி கூப்பிட்ட அன்னிக்கு அந்தப் புள்ள தொட்டில்ல கிடந்துச்சு. நடக்கத் தெரியாததால காலை மட்டும் உதைச்சுக்கிட்டே இருந்துச்சாம்.

சேவுகன் அந்த வாரம் போனாரு. அக்கா கதவைத் திறக்கல. புள்ளைக்கு அஞ்சு வயசு ஆனப்போ போனாரு. திறந்தா, தண்ணி குடுத்தா, பேச்சுக் குடுக்கல. மறுபடி பன்னெண்டு வருஷம் முடிஞ்சு கரை கசிஞ்சப்போ மூணாவதா போனாரு.

"நாட்டுல அந்தப் பேருல எம்மக ஒருத்திதான் பாக்கி, அக்கா. நாளைக்குக் கூப்பிடப் போறான். வந்து பேரை எடுத்துடு."

"உம் பொண்டாட்டி வந்து கூப்பிடட்டும். பந்தி விசாரிச்சவ அவதானே."

"அவ செத்து எட்டு வருஷம் ஆச்சே."

"உசுரோட இருக்கும்போதே வந்திருக்கலாம்ல?"

சேவுகன் திரும்பி வந்து வாசப்படியில உக்காந்தாரு. மக நிறைகுளத்தா விறகை அடுக்கிக்கிட்டே கேட்டா.

"அப்பா, குளம் நிறைஞ்ச பொறகுதானே நிறைகுளத்தான்னு வச்சாங்க?"

"ஆமா."

"அப்ப அதுக்கு முந்தி அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு?"

சேவுகனுக்கும் தெரியல. இருபத்தினாலு வருஷத்துல இதை யாரும் கேக்கல.

நிறைகுளத்தா கல்லுக்குப் பூசை பண்ற பூசாரிகிட்ட போனா.

"சாமி, உள்ள இருக்கறவங்களுக்கு என்ன பேரு?"

"ஆத்தாளுக்கு நூத்தியெட்டுப் பேரு இருக்கும்மா. எது வேணும்?"

"அவங்கம்மா கூப்பிட்ட பேரு."

"அது இந்த நூத்தியெட்டுல வராது."

குயவர் தெருவுக்குப் போனா. அந்தப் பொண்ணோட கூடப் பொறந்தவங்க யாரும் இப்ப அங்க இல்ல. அங்க ஒருத்தரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "நான் அவளுக்குச் சித்தப்பா மகன். திருவிழாவுல மொத மரியாதை எனக்குத்தான்"னாரு.

"அவங்க பேரு என்னங்க?"

"பேரா... சின்ன வயசுல பார்த்தது."

மறுநாள் காலையில ஏரிக்குப் போனா. கரைச்சரிவுல ஒரு கிழட்டு ஆமை மல்லாக்கக் கிடந்து காலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. இவளுக்கு இருக்கற கவலையில தாண்டிப் போயிருக்கலாம். போகல. திருப்பி விட்டா.

"என்ன வேணும் புள்ள?"ன்னுச்சு ஆமை.

"உள்ள இருக்கறவ பேரு."

"இது எனக்குத் தெரியுமே. தினம் சாயங்காலம் மண்ணு எடுக்க வருவா. அவங்கம்மா இந்தக் கரைமேல நின்னு கூப்பிடும், 'போதும்பொண்ணு, சோறு ஆறுது'ன்னு."

போதும்பொண்ணு. பொண்ணு பொறந்தது போதும்னு வைக்கற பேரு. வீட்டுக்குப் போதும்னு ஆனவளைத்தான் ஊரு வேணும்னு கேட்டிருக்கு.

"பொய்ப்பேரு பன்னெண்டு வருஷம்தான் தாங்கும் புள்ள. அதான் அந்த மந்திரவாதி திரும்பத் திரும்ப ஆளு கேக்கறான். அம்மா கூப்பிட்ட மாதிரியே மூணு தடவை கூப்பிட்டா கட்டு அவுந்துடும்."

"நீங்களே கூப்பிட்டிருக்கலாமே?"

"தண்ணிக்குள்ள நான் கத்தினா கொப்புளம்தான் வருது."

உச்சி வெயில் வந்துச்சு. ஊரே கரைமேல கூடி நின்னுச்சு. எல்லாரும் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, பேருதான் மாறிடுச்சேங்கற தைரியத்துல.

"நிறைகுளத்தா"ன்னான் மந்திரவாதி. அவ காலு தண்ணியில இறங்குச்சு. மதகுக்குக் காது மாதிரி ஒரு ஓட்டை. அதுல வாயை வச்சு, "போதும்பொண்ணு, சோறு ஆறுது"ன்னா. அலை நின்னுச்சு.

"நிறைகுளத்தா"ன்னான். இடுப்பளவு தண்ணி. "போதும்பொண்ணு, சோறு ஆறுது." மதகு முனகுச்சு.

"நிறைகுளத்தா"ன்னான். கழுத்தளவு தண்ணி. சேவுகன் கரையில இருந்து குதிச்சாரு. அவரு கை எட்டறதுக்குள்ள அவ கடைசித் தடவை கூப்பிட்டா.

"போதும்பொண்ணு, சோறு ஆறுது."

தண்ணி பிளந்துச்சு. கையெல்லாம் மண்ணோட பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி எந்திரிச்சா. அவளுக்குப் பின்னாடி வண்ணார் வீட்டுப் பொண்ணு. இருபத்தினாலு வருஷம் கரையைச் சுமந்தவ மொதல்ல கேட்டது இதுதான்.

"என்ன சோறு?"

அப்புறம் கரையைப் பார்த்தா. "எங்கம்மா எங்க?"

அவளைத் தண்ணியில இறக்குன வருஷமே அந்தம்மா போய்ச் சேந்துட்டா.

போதும்பொண்ணு மந்திரவாதி பக்கம் திரும்புனா. "எம் பேரை எடுத்தியே, உம் பேரு என்ன?"

அவன் யோசிச்சான். பேரை மாத்தி மாத்தியே பொழைச்சவனுக்கு அம்மா வச்சது எதுன்னு ஞாபகம் வரல. ஒத்தைக் கால்ல நின்னு யோசிச்சான். கழுத்து நீண்டுச்சு, மூக்கு நீண்டுச்சு. ஏரியோரம் கொக்கு இன்னும் அப்படித்தான் நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு.

தோளை எடுத்ததும் கரை விரிய ஆரம்பிச்சுது. "ஐயோ, இப்ப என்ன பண்றது?"ன்னாரு ராஜா.

"மண்ணு போடுங்க"ன்னா நிறைகுளத்தா. "மத்த ஊர்ல அப்படித்தான் பண்றாங்க."

மொதக் கூடையை ராஜாவே சுமந்தாரு, வேற வழியில்லாம. நாலு நாள்ல கரை நின்னுச்சு. வெறும் நாலு நாள் வேலை. என்ன பரிசு வேணும்னு கேட்டாரு.

"வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு. உங்க வீட்டுக்கு ரெண்டு."

அந்த ரெண்டு பொண்ணுங்களும் சேவுகன் வீட்டுலயே வளந்தாங்க. வண்ணார் வீட்டுக்காரங்க ஊரை விட்டே போயிருந்தாங்க. ராக்கு அத்தை ஒருநாள் வந்து, "வா, பேரை எடுத்துடறேன்"னா.

"இருக்கட்டும் அத்தை, பழகிப்போச்சு. சாப்பிட்டுப் போங்க."

சேவுகன் மொத அப்பளத்தை அக்கா இலையில வச்சாரு. அக்கா தின்னா.

ஊருக்காரங்க கல்லுக்குப் பூ வைக்கறதை நிறுத்தல. ஆனா போதும்பொண்ணு தெருவுல எதிர்ல வந்தா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவாங்க. நிறைகுளத்தாங்கற பேரை அதுக்கப்புறம் யாரும் வைக்கல. பயத்துல விட்ட பேரா இருந்தா பயம் தெளிஞ்சதும் வச்சிருப்பாங்க. வெக்கத்துல விட்டது, போனது போனதுதான்.

இப்ப நீங்க வைக்கறதா இருந்தா... இருங்க, உள்ள இருந்து கூப்பிடறாங்க.

சோறு ஆறுதாம். வர்றேன்.