கல்யாணக் கார் பேட்டரி

ஓணான்குளத்துக்காரர்களுக்கு மூளை மட்டு என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அதை நாங்கள் மறுத்ததில்லை. எப்படி மறுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சாலேயே சுடலைமுத்துவுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவதாகச் செண்பகவல்லி அமைந்தாள். முகூர்த்தம் பத்தரைக்குள். கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மாப்பிள்ளைக் கார் செத்துக் கிடந்தது.

"பேட்டரி போச்சு. கிராங்கிங் பவர் முன்னூத்தம்பதுக்குக் குறையாமப் பாத்து வாங்கிட்டு வாங்க," என்றார் மெக்கானிக் ஞானதுரை.

இன்றைக்காவது கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு சுடலை ஆட்டோவில் ஏறினான். கூட்டாளிகள் வேலாண்டியும் பேச்சிமுத்துவும் ஏறிக்கொண்டார்கள்.

கடைக்காரர் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் முந்நூறு, மற்றதில் நானூறு. "எஞ்சினை இழுத்துச் சுத்துற பலம் இது. கடுங்குளிர்ல வச்சுச் சோதிச்சுப் போட்ட எண்," என்றார்.

மூவரும் தள்ளி நின்று ஆலோசித்தார்கள்.

"நானூறுதான பெருசு? அதையே எடுத்துருவோம்," என்றான் வேலாண்டி.

"குளிர்லதாம்ல நானூறு. நம்ம ஊர்ல தார் ரோடே உருகுது. இங்க எம்புட்டு நிக்கும்?" என்றான் பேச்சிமுத்து.

வழி சுடலைக்குத்தான் தோன்றியது. "எந்தக் குளிர்ல சோதிச்சானோ, அந்தக் குளிரையும் கையோட கொண்டுபோவோம்."

நானூறையே வாங்கிக்கொண்டு, மீன் மார்க்கெட்டில் இரண்டு ஐஸ் பாரும் வாங்கினார்கள். பேட்டரியை நடுவில் வைத்துச் சாக்கைச் சுற்றி, மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டான். பட்டு வேட்டி மீன் நாறியது. தன் அறிவை நினைத்துச் சுடலைக்கு ஒரே பெருமை.

"குளிர்லயே நானூறு இழுக்கும்னா வெயில்ல இன்னும் நல்லால்லா இழுக்கும்!" என்று ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டு, பேட்டரியைத் துடைத்து மாட்டினார். கார் ஒரே உறுமலில் கிளம்பியபோது மணி பத்து தாண்டியிருந்தது.

"புது பேட்டரி. சார்ஜ் ஏறணும், அரை மணி நேரத்துக்கு எஞ்சினை நிறுத்திராதீங்க," என்றார்.

மண்டபம் பத்து நிமிஷத் தூரம். வாசலில் மாமனார் மாலையோடு நின்றார். வேலாண்டி ஓட்டிய கார் அவரைத் தாண்டிப் போய், மண்டபத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் தாண்டியது.

"மாமா, இன்னும் இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாதாம்!" என்று கத்தினான் சுடலை.

"முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷந்தான் இருக்கு மாப்ளே!" என்று மாமனார் பின்னாலேயே ஓடினார்.

"நின்னா பேட்டரி போயிரும், நிக்காட்டிப் பொண்ணு போயிரும்," என்று பேச்சிமுத்து நிலைமையை விளக்கினான். சுடலைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது செண்பகவல்லியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். மெதுவாகப் போன காரின் கதவைத் திறந்து பின்சீட்டில் சுடலைக்குப் பக்கத்தில் ஏறினாள். மாமனார் ஜன்னல் வழியாகத் தாலியை நீட்ட, மேளக்காரர்கள் ஓடிக்கொண்டே கெட்டிமேளம் கொட்ட, சுடலை மூன்று முடிச்சும் போட்டான்.

அவள் மண்டபத்தையே பார்த்து விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். தன் முட்டாள்தனங்களைத்தான் எண்ணுகிறாள் என்று சுடலை நினைத்துக்கொண்டான்.

"அரை மணி ஆச்சு. நிறுத்துதேன்," என்றான் வேலாண்டி.

"நிறுத்தாதீங்கண்ணே!" என்றாள் செண்பகவல்லி. "தாலி கட்டினதும் மணவறையை மூணு சுத்து வரணும்லா? மணவறை உள்ளதான இருக்கு. நான் ஏறுததுக்கு முன்னால சுத்துனது கணக்குல வராது. இப்பத்தான் ரெண்டு ஆயிருக்கு."