எந்தச் சுவர்?

திருப்பூரில் வேலாயுதசாமிக்கு வரிசையாக லைன் வீடுகள் இருந்தன. யார் காலி செய்தாலும் சுவர் பாழாகிவிட்டது என்று சொல்லி, பெயிண்ட் செலவுக்கென அட்வான்ஸை மொத்தமாகப் பிடித்துக்கொள்வார். பெயிண்ட் மட்டும் அடிக்கவே மாட்டார்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் துளசிமணிக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் வேறு வீடு பேசியிருந்தாள். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமான்களைக் கட்டினாள்.

மறுநாள் அந்த வீட்டைப் பார்க்க ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். வேலாயுதசாமி சுவரைத் தட்டிக் காட்டினார்.

"புதுசாட்டமே இருக்குது பாருங்க. இன்னும் அஞ்சு வருசத்துக்குப் பெயிண்டே வேண்டாம்."

துளசிமணி பெயிண்ட் வாளியும் பிரஷுமாக உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, நான் பாழாக்கின சுவர் எதுன்னு காட்டுங்க. இவங்க குடிவர்றதுக்குள்ள நானே அடிச்சுக் குடுத்துடறேன். அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

வந்தவர்கள் வேலாயுதசாமியைப் பார்த்தார்கள். அவர் சுவர்களைப் பார்த்தார். எதைக் காட்டினாலும் வந்த குடித்தனம் போய்விடும்.

"அப்படியொண்ணும் பாழாகலை" என்றார்.

அங்கேயே பணத்தை எடுத்துத் துளசிமணியிடம் கொடுத்தார்.

புதிதாக வந்த பெண் கைப்பேசியை எடுத்தாள்.

"அந்தச் சுவரோரமாக் கொஞ்சம் நில்லுங்ணா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நாங்க காலி பண்றப்பக் காட்டறதுக்கு ஆகும்."