பத்தாவது டேக்

வெளியே காலை பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. படப்பிடிப்புத் தளத்துக்குள்ளே பௌர்ணமி. பிளைவுட் அரண்மனையின் படிகளில் புகை தவழ்ந்து இறங்கியது. அந்தப் புகைக்குள் நின்றால் சொந்த ஊர், சொந்தப் பெயர் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவது போலிருந்தது பூவலிங்கத்துக்கு.

பன்னிரண்டு வருஷமாகப் படங்களில் வாள் வெட்டுப்பட்டு விழுகிறவர் அவர். கூட்டத்தோடு கூட்டமாக, தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாமல். இன்றைக்குத்தான் முதன்முதலாக முகத்தை மூடாமல், கதாநாயகனோடு ஒற்றைக்கு ஒற்றை. அதிலும் ஒன்பது டேக் வீணாகிவிட்டது.

"இன்னும் ஒண்ணு. அதுவும் தேறலைன்னா ஆளை மாத்திடுங்க மாஸ்டர்" என்று டைரக்டர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். பூவலிங்கத்துக்கு மானம் போயிற்று.

சண்டைப் பயிற்சியாளர் ஜெரால்டு அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். இருந்தாலும் தொழிலில் அவர்தான் குரு. அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பூவலிங்கம் வாளைத் தொடுவார்.

"எங்க தப்பு மாஸ்டர்? அடி எல்லாம் கணக்காத்தானே விழுது?"

"அடியில தப்பே இல்லண்ணே."

"ஹீரோ தம்பிக்குத்தான் பிடிக்கவே தெரியல. சாம்பார்க் கரண்டி மாதிரி பிடிக்கிறாரு."

"ஆமாண்ணே."

"நான் ஏழு வயசுல நிஜ வாள் எடுத்தவன். எங்கப்பா வீசும்போது கண்ணு சிமிட்டினா அன்னிக்குச் சோறு கிடையாது. இன்னிவரைக்கும் சிமிட்டினதில்லை."

"பார்த்தேன். ஒன்பது டேக்லயும் சிமிட்டல."

பாராட்டு என்று நினைத்துப் பூவலிங்கம் நிமிர்ந்து நின்றார். பாவம், நல்ல மனுஷன்.

"ஒரு சண்டையாவது ஜனங்க மனசுல நிக்கணும் மாஸ்டர். தியேட்டரை விட்டு வீட்டுக்குப் போறவன் அதையே நினைச்சுக்கிட்டுப் போகணும். அதுக்கு என்ன செய்யணும்?"

ஜெரால்டு சுற்றுமுற்றும் பார்த்தார். தளம் கூட்டும் செல்லக்கிளியிடம் போய், அவள் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தார்.

"இதால என்னை வெட்டுங்க."

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"மெதுவா வாங்க. அந்தப் படியிலேர்ந்து."

ஜெரால்டு அலுமினிய வாளோடு புகைக்குள் போய் நின்றார். பூவலிங்கம் வேண்டாவெறுப்பாகக் குச்சியை ஓங்கினார்.

ஜெரால்டின் கண் அந்தக் குச்சியின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டது. ஓர் அடி பின்னால் வைத்தார். பூவலிங்கம் இடப்பக்கம் வீசியதை இரண்டு கையாலும் வாளைப் பிடித்துத் தடுத்தார். தடுத்தும் தாங்காமல் ஒரு முழங்கால் மடங்கியது. மேலே பலகையில் டீ குடித்துக்கொண்டிருந்த லைட்மேன்களின் பேச்சு நின்றது. புகை தண்ணீரைப் போலச் சுழன்றது. பூவலிங்கத்துக்குக் கை கனத்தது. எப்போதிலிருந்து கனக்கிறது என்று தெரியவில்லை. அடுத்த வீச்சில் ஜெரால்டின் வாள் நழுவிப் படிகளில் உருண்டது. அவர் கண்ணை இறுக மூடி, கையால் கழுத்தை மறைத்தார்.

"ஐயோ, வேணாம்ணே!" செல்லக்கிளி கத்தியே விட்டாள்.

பூவலிங்கம் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று நிஜமாகவே பதறிப் போனார்.

ஜெரால்டு எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"கையில என்னண்ணே இருந்துச்சு?"

பூவலிங்கம் குச்சியைப் பார்த்தார். சொல்ல வெட்கமாக இருந்தது.

"வாள்."

பத்தாவது டேக் தொடங்கியது. கதாநாயகன் அதே மாதிரிதான் பிடித்திருந்தார். ஓங்கினார். அப்பா, மன்னிச்சுக்குங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பூவலிங்கம் கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான். அதுவரை எங்கே இருந்ததோ, பயம் மடை திறந்தது போல வந்தது. கால் பின்னால் போயிற்று. வாள் இறங்கியது. அவர் நிலா வெளிச்சத்துக்குள் விழுந்தார், வெகு நேரம் விழுந்துகொண்டே இருந்தார்.

"கட்! ஓகே!"

கைதட்டல் தளத்தை அதிரவைத்தது. எல்லோரும் கதாநாயகனைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னா வீச்சு சார்!" என்றார் டைரக்டர். கதாநாயகன் தன் அலுமினிய வாளின் விளிம்பைக் கட்டைவிரலால் பயத்தோடு தடவிப் பார்த்தார்.

ஜெரால்டு மட்டும் வந்து புகைக்குள் குனிந்தார்.

"இது மனசுல நிக்குமா மாஸ்டர்?" படுத்தபடியே கேட்டார் பூவலிங்கம்.

"நிக்கும்ணே."

"என்னை நினைப்பாங்களா?"

ஜெரால்டு கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த வாளை நினைப்பாங்கண்ணே."