நொடிக்கு நூற்றைம்பது படங்கள்

அல்லிக்குளத்துக் காட்டில் செம்பட்டை என்றொரு கீரி இருந்தது. அதன் பக்கத்து வளையில் மொச்சை என்ற முயல் குடியிருந்தது. இரண்டு வளைகளும் குளத்துக்கு மேலே, மேட்டில் இருந்தன.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் குதிரைப் பந்தயம் ஆடுவதென்றால் உயிர். ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரத்திலிருந்து வளைக்கு வளை கரண்ட் வந்தது. ஆனால் குதிரைகள் திக்காமல் ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். திரையில் தெரியும் படங்களை மளமளவென்று வரைந்து தள்ளுவது அதுதான். காட்டிலேயே நல்ல கார்டு செம்பட்டையிடம் இருந்தது. மூன்று வருஷமாக அந்தப் பெருமையிலேயே அது நடமாடியது.

ஒரு நாள் காலை மொச்சையின் வளை வாசலில் ஒரே கூட்டம். மானும் மயிலும் காட்டுப்பன்றியும் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

"என்ன விசேஷம்?" என்று கேட்டது செம்பட்டை.

"மொச்சை புதுக் கார்டு வாங்கியிருக்கிறது! இந்த வருஷத்து மாடல்! நொடிக்கு நூற்றைம்பது படம் வரைகிறதாம்!" என்றது மயில். "ஆமாம், உன்னுடையது எத்தனை?"

செம்பட்டை தன் வளைக்கு ஓடிப்போய்ச் சோதித்துப் பார்த்தது. தொண்ணூறு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தது. தொண்ணூற்றொன்று.

அதற்குள் மொச்சை வந்து எட்டிப் பார்த்தது. "செம்பட்டை, வாயேன்! நீயும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்!"

"எனக்கு வேலை இருக்கிறது" என்று திரும்பிக்கொண்டது செம்பட்டை.

வேலை ஒன்றும் இல்லை. அன்று முழுக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் யாராவது "அடேயப்பா!" என்றால் இதற்கு வயிறு எரிந்தது. தன் கம்ப்யூட்டரில் ஒரு பந்தயம் ஓடவிட்டது. நேற்றுவரை அழகாக இருந்த குதிரைகள் இன்று நொண்டுவதுபோலத் தெரிந்தன.

"அந்தக் கார்டு எரிந்து போகட்டும்!" என்று முணுமுணுத்தது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை சொல்லிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் கடைக்கார வாலன் குரங்கிடம் போய் நின்றது.

"மொச்சையிடம் இருப்பதைவிடப் பெரிய கார்டு உண்டா?"

"உண்டு. நொடிக்கு இருநூறு படம்" என்றது வாலன். "உனக்கு எதற்கு? உன்னிடம் இருப்பதே நல்ல கார்டாயிற்றே!"

"எனக்கு எதற்கென்று நான் பார்த்துக்கொள்கிறேன்! பதிலுக்கு என்ன வேண்டும்?"

வாலன் தலையைச் சொறிந்தது. "வாழைத்தார் பழுக்கவைக்க ஈரம் படாத இடம் ஒன்று தேடுகிறேன். மேட்டிலுள்ள உன் வளையைக் கொடு. பழைய கார்டையும் கொடு."

"எடுத்துக்கொள்!" என்றது செம்பட்டை. யோசிக்கக்கூட இல்லை.

அன்றே குளக்கரை ஓரமாக ஒரு பள்ளத்தில் புது வளை தோண்டிக் குடிபோனது. சக்கரத்திலிருந்து அங்கேயும் கம்பி இழுத்துக்கொண்டது. இரண்டு செங்கல் கனம் இருந்த புதுக் கார்டை மாட்டியதும் காடெல்லாம் ஓடிச் சொன்னது. "நாளை என் வளை வாசலில் போட்டி! மொச்சையும் தன் கம்ப்யூட்டரைக் கொண்டு வரட்டும். எது உசத்தி என்று எல்லோரும் பாருங்கள்!"

மறுநாள் காடே திரண்டது. இரண்டு கம்ப்யூட்டர்களையும் அருகருகே வைத்து ஒரே பந்தயத்தை இரண்டிலும் ஓட்டினார்கள். கூர்மையான கண் உடையது என்பதால் பருந்துதான் நடுவர். அது இந்தத் திரையைப் பார்த்தது. அந்தத் திரையைப் பார்த்தது. பக்கத்தில் வந்து மறுபடி பார்த்தது.

"இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடுகின்றன" என்றது.

"என்ன உளறுகிறாய்! என்னுடையது இருநூறு! அது வெறும் நூற்றைம்பது!"

"குதிரையைப் பார்க்கச் சொன்னாயா, எண்ணைப் பார்க்கச் சொன்னாயா?" என்று கேட்டது பருந்து. எல்லோரும் சிரித்தார்கள்.

மொச்சை மட்டும் சிரிக்கவில்லை. "செம்பட்டை, நம் இருவர் திரையும் நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாது. கார்டு எத்தனை வரைந்தாலும் மீதியெல்லாம் வீண்தான். உன் பழைய தொண்ணூறே தேவைக்கு மேல்."

"இவ்வளவு தெரிந்தவன் நீ ஏன் புதிது வாங்கினாயாம்?"

"என்னுடைய பழைய கார்டு புகைந்து போய்விட்டது. உன்னிடம் இருப்பதைப்போல ஒன்று கொடு என்றுதான் வாலனிடம் கேட்டேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லி இதைக் கொடுத்தது."

செம்பட்டை கூட்டம் கலைந்ததும் வாலனிடம் ஓடியது. "இந்தக் கார்டைத் திருப்பி எடுத்துக்கொள். என் வளையைக் கொடு."

"அதெப்படி? வளை முழுக்கத் தார் அடுக்கியாகிவிட்டது" என்றது வாலன்.

போட்டிக்கு மறுநாள் மதியம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் குளம் உடைந்து தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது. செம்பட்டை நினைத்திருந்தால் உடனே வெளியே குதித்திருக்கலாம். ஆனால் கார்டை விட மனமில்லை. அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறப் பார்த்தது. கனம் இழுத்தது. கரைச் சேறு வழுக்கிற்று. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"அதை விட்டுத்தொலை!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கத்தியது. மொச்சை ஒரு காட்டுக்கொடியை வாயில் கவ்விக்கொண்டு சரிவில் இறங்கி வந்தது. "இரண்டு கையாலும் கொடியைப் பிடி!"

செம்பட்டை கார்டைப் பார்த்தது. பிறகு கையை விரித்தது. கார்டு குமிழிகூட விடாமல் மூழ்கியது. மொச்சை இழுத்த இழுப்பில் செம்பட்டை கரையேறியது.

மொச்சையின் வளையில் செம்பட்டை வைக்கோலுக்குள் சுருண்டு நடுங்கியபடி கிடந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"உன் கார்டு எரிந்து போகட்டும் என்று நான் சபித்தேன். இரண்டு முறை."

மொச்சை வைக்கோலை இழுத்து அதன் முதுகில் போர்த்தியது. முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டது.

"நான் உன்னுடையதைச் சபித்தேன்" என்றது. "மூன்று வருஷமாக. அந்த நாளெல்லாம் என் கார்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதை ஒரு நாள்கூட ஆசையாகப் பார்க்கவில்லை."

வெளியே மழை விட்டபாடில்லை. இரண்டும் ஒரே வைக்கோலில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன.

அடுத்தவரிடம் இருப்பதை எண்ணி எண்ணிப் பொருமுகிறவருக்கு, தம் கையில் இருப்பதன் அருமை அது கைவிட்டுப் போகும்வரை தெரிவதில்லை.