மெஷின் ஓடாத நாட்கள்

ரெஜினா டீச்சரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. எப்படி வெட்டுவது என்று கேட்டால் கத்திரியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவார். சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டால், தைத்தவளையே உடுத்திப் பார்க்கச் சொல்லுவார். 'ஊமைச் சாமி' என்று மாணவிகள் பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

மாதா கோயில் வளாகத்து ஓட்டுக் கட்டடத்தில்தான் தையல் வகுப்பு. ஆவுடை அங்கே படித்தவள். டீச்சரைவிட வயதில் மூத்தவள். அவள் 'டீச்சர்' என்று கூப்பிடுவாள். அவர் 'அக்கா' என்று கூப்பிடுவார். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கத் தொடங்கிய பிறகும் ஆவுடை வாரம் ஒருமுறை வகுப்புக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

சில வாரங்களாக அவள் வரவில்லை. ஒரு பிற்பகல் டீச்சரே அவள் வீட்டுக்கு வந்தார்.

ஒரே அறை. ஜன்னலடியில் மெஷின். அதை ஒட்டிக் கட்டில். கட்டிலில் மகள் கோமதி உறங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. சிறுநீரகத்தில் கோளாறு. முகமும் காலும் வீங்கும், மாத்திரையில் வற்றும், நிறுத்தினால் மறுபடி வீங்கும். ஒவ்வொரு முறையும் டாக்டர், "பெரியவளானா சரியாகலாம், பார்க்கலாம்" என்பார்.

"உக்காருங்க டீச்சர். காப்பி போடுதேன்."

"வேண்டாம்க்கா."

"உப்பில்லாத சோறு வேணும்னா இருக்கு" என்று சொல்லி ஆவுடை சிரித்தாள்.

கோமதிக்கு உப்பு ஆகாது. இரண்டு குழம்பு வைக்க நேரமில்லாமல் ஆவுடையும் உப்பை விட்டிருந்தாள். எனக்கு உப்பு வேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. கணவன் கேரளத்தில் ஒரு பேக்கரியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குரல் மட்டும் வரும்.

மெஷின்மேல் ஒரு பட்டு ரவிக்கை பாதியில் கிடந்தது. ஆவுடை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். மெஷின்ல உக்காந்தா பிள்ளை நெனப்பு. பிள்ளைகிட்ட உக்காந்தா அடுத்தவங்க ரவிக்கை நெனப்பு. எங்க இருந்தாலும் நான் அங்க இல்ல. எதை விடட்டும்?"

டீச்சர் மெஷினைப் பார்த்தார்.

"தையலை விட்டுருன்னு அவுக போன்ல சொல்லுதாக. எல்லாரும் அதான் சொல்லுதாக."

ஆவுடை ரவிக்கையின் கையை நீவினாள். மறுபடி நீவினாள்.

"நான் இப்பச் சொன்னதுகூடப் பொய் டீச்சர். மெஷின்ல உக்காந்தா எனக்கு நிம்மதியா இருக்கு. மெஷின் ஓடினா அவ முனகுறது கேக்காது. மூச்சு வாங்குறது கேக்காது. அதுக்காகவே வேண்டாத துணியை எல்லாம் வாங்கி வச்சுத் தைக்கேன். பிள்ளை படுத்துக் கிடக்கு, நான் காதைப் பொத்திக்கிட்டு மிதிக்கேன். என்ன தாய் நான்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"பிள்ளை ஒன்னும் சொல்ல மாட்டாளாக்கா?"

"அவளா? தொந்தரவே கிடையாது. முன்னெல்லாம் அது வேணும் இது வேணும்னு ஒரே அழுகையா இருக்கும். இப்பக் கொஞ்ச நாளா ஒன்னுமே கேக்குறதில்ல. ஆசை ஆசையா வச்சிருந்த கலர் பென்சில் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டக் குடுத்துட்டா. நோயில கெடந்து பக்குவம் வந்துட்டு."

டீச்சர் கட்டிலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மெஷினுக்கு அடியில் குனிந்து, பெரிய சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டைத் தள்ளிக் கழற்றினார். அதை வளையல்போல மணிக்கட்டில் சுற்றி எடுத்துப் பைக்குள் போட்டார்.

"ஐயோ டீச்சர்! நாளைக்கழிச்சுக் கல்யாணம். செண்பகக்கா என்னைக் கொன்னு போடுவா."

"மேல இருக்க சின்னச் சக்கரத்தைக் கையால சுத்துங்க. ஊசி இறங்கும்."

"பெல்ட்ட எப்பத் தருவீங்க?"

"வந்து கேளுங்க" என்றார் டீச்சர். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் செண்பகம் வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. மகளுக்குக் கல்யாணம்; தைக்கக் கொடுத்திருந்தது செண்பகம் உடுத்த வேண்டிய ரவிக்கை.

"ஏளா ஆவுடை, என் ரவிக்கை கல்யாணத்துக்கா, வளைகாப்புக்கா?"

"சாயந்தரம் தந்துருதேன்க்கா."

"மெஷின்ல பெல்ட்ட எங்க?"

"டீச்சர் கொண்டுட்டுப் போய்ட்டாங்க."

"எதுக்கு?"

"தெரியல."

"நல்லா இருக்கு உங்க பாடம்! நான் இன்னும் ஒரு சுத்துப் பெருத்துப் போறதுக்குள்ள தச்சுக் குடுத்துரு, தாயி. மத்தியானம் வாரேன்."

செண்பகம் போனபின் ஆவுடை சக்கரத்தைக் கையால் சுற்றினாள். ஊசி ஒருமுறை இறங்கி ஏறியது. துணியை நகர்த்தினாள். மறுபடி சுற்றினாள். ஒரு கையால் பட்டைப் பிடிக்க முடியவில்லை; வழுக்கியது. நின்று நின்று தைத்தாள்.

நிற்கும் போதெல்லாம் வீடு கேட்டது. குழாய் சொட்டியது. ஓட்டின்மேல் புறா நடந்தது. தொலைவில் ரயில் ஒன்று ஊருக்குள் வராமலே போயிற்று. இவை எல்லாவற்றுக்கும் கீழே, கோமதியின் மூச்சு. ஏறியது. சற்றுத் தங்கியது. இறங்கியது. அது தங்கும் இடத்தில் ஆவுடையின் கையும் தங்கியது.

கோமதி கண்ணைத் திறந்திருந்தாள்.

"அம்மா, மெஷின் ரிப்பேரா?"

"இல்லட்டி. பெல்ட் இல்ல."

"சத்தமே வரல."

"ஆமா."

"அப்ப நான் பேசினா உனக்குக் கேக்குமா?"

ஆவுடை திரும்பினாள். "எப்பவும் கேக்குமே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ தைக்கும்போது நெறைய சொல்லியிருக்கேன். பூனை குட்டி போட்டது சொன்னேன். கனவு சொன்னேன். நீ ஒன்னும் பேச மாட்டே. ஆனா தலையாட்டுவே."

"நானா?"

"ஆமா. எல்லாத்துக்கும் ஆட்டுவே."

ஆவுடை சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். "வேற என்னட்டி சொன்னே?"

"சொல்லல. கேட்டேன்."

"என்ன கேட்டே?"

கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் செத்துப் போயிருவேனான்னு கேட்டேன்."

குழாய் சொட்டியது.

"நான் என்ன சொன்னேன்?"

"தலையாட்டினே. கேட்டிருக்காதோன்னு மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆட்டினே."

ஆவுடை மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கால்கள் பழக்கத்தில் மிதியைத் தேடின. மிதித்தன. பெல்ட் இல்லாத பெரிய சக்கரம் சத்தமின்றிச் சுற்றியது, ஊசி அசையவில்லை. அவள் உடம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. உடம்போடு தலையும் ஆடியது.

கால்களைச் சட்டென்று எடுத்தாள்.

"எனக்குக் கேக்கலட்டி. சத்தியமா எனக்குக் கேக்கல. மெஷின் மிதிச்சா தலை தானா ஆடும்."

கோமதி அம்மாவின் கால்களைப் பார்த்தாள்.

"நீ சாக மாட்டே. நல்லா ஆயிருவே. டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் பார்க்கலாம்னுதான சொன்னாரு?" என்றாள் கோமதி. அம்மா அழுவதைப் பார்த்ததும் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள். "பரவால்லம்மா. எனக்கு இப்பப் பயம் இல்ல. நீ தைய்யி."

மத்தியானம் செண்பகம் வந்தபோது ரவிக்கைக்குக் கைகள் இன்னும் வைத்துத் தைத்திருக்கவில்லை. ஆவுடை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். செண்பகம் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"எங்க போகணும்?"

"டீச்சரைப் பாக்கணும்க்கா."

"போய்ட்டு வா. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன். ரவிக்கை இல்லாட்டா பழசப் போட்டு மேல சேலையை இழுத்துப் போத்திக்கிடுதேன். கல்யாணம் எனக்கா?"

வகுப்பில் யாரும் இல்லை. மேசைகளின் மேல் செய்தித்தாள்களில் வெட்டிப் பழகிய ரவிக்கைக் கழுத்துகளும் கைகளும் கிடந்தன. டீச்சர் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடை நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது டீச்சரின் கையில் இருந்த காகிதங்கள் அப்படியே இருந்தன.

"இதுக்குத்தான் பெல்ட்டைக் கழத்தினீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்க்கா? நீங்க கேக்கணும்னு கழத்தினேன். என்ன கேக்கும்னு எனக்குத் தெரியாது."

டீச்சர் ஒரேயடியாக இவ்வளவு பேசி ஆவுடை கேட்டதில்லை.

"இல்லைன்னு சொன்னேன் டீச்சர். நம்பல. பரவால்லம்மான்னு எனக்குத் தேறுதல் சொல்லுதா. அவளை என்ன சொல்லி நம்ப வைக்க?"

"இப்ப அவ என்ன உடுத்தியிருக்கா?"

ஆவுடைக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "என் பழைய நைட்டி. அறுத்துச் சின்னதாக்கிப் போட்டிருக்கேன்."

"புதுசு?"

"தைக்கல டீச்சர். அவளுக்கு அளவே நிக்காதே. ஒரு மாசம் வீங்குதா, ஒரு மாசம் வத்துதா. எந்த அளவுக்குத் தைக்க? தச்சு என்ன செய்ய?"

கடைசிச் சொற்கள் வாயைவிட்டு வந்த பிறகுதான் அவள் காதில் விழுந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு துணியை எடுத்தார். கத்தரிப்பூ நிறத்தில் சாதாரணப் பருத்தித் துணி. மேசையில் விரித்து, சாக்குக்கட்டியை எடுத்தார்.

"பாவாடை தைங்க. இடுப்புக்கு நாடா போடுங்க. வீங்கினா இளக்கிக்கிடலாம். வத்தினா இறுக்கிக்கிடலாம்."

"நீளம்?"

"எவ்வளவு இருப்பா?"

ஆவுடை தன் உடம்பில் கை வைத்து மகளின் இடுப்பு வரும் இடத்தைக் காட்டினாள். டீச்சர் அதைப் பார்த்துத் துணியில் ஒரு கோடு போட்டார். பிறகு அதற்கு வெகு கீழே இன்னொரு கோடு போட்டார்.

"இவ்வளவு மடிப்பா? பிரிச்சுப் பிரிச்சு இறக்கினா நாலஞ்சு வருஷத்துக்கு வருமே டீச்சர்."

டீச்சர் இரண்டாவது கோட்டின்மேல் சாக்குக்கட்டியை மறுபடி ஓட்டி அழுத்தமாக்கினார்.

"புதுத் துணியைக் கையில குடுத்தா பிள்ளை முதல்ல என்ன செய்வா?"

"உள்ளதான் திருப்பிப் பாப்பா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். தையலைப் பாப்பா, மடிப்பைப் பாப்பா." ஆவுடை நிறுத்தினாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த துணியைப் பார்த்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வளாகத்தில் வேப்பம்பழங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒன்று ஓட்டில் விழுந்து உருண்டது.

"அவளுக்கு இது சொல்லிரும் டீச்சர்" என்று ஆவுடை மெல்லச் சொன்னாள். "எனக்கு? டாக்டர் பார்க்கலாம்ங்காரு. அவுக போன்ல, தைரியமா இருங்காக. போனை வச்சா வீட்ல நான் மட்டும்தான். எனக்கு யாரு சொல்லுவா?"

டீச்சர் துணியை இரண்டாகவும் நான்காகவும் மடித்தார். அதன்மேல் பெல்ட்டைச் சுருட்டி வைத்தார். இரண்டையும் ஆவுடையின் கையில் கொடுத்தார். அவள் வாசல்வரை போய்விட்டாள். ஆனால் அங்கேயே நின்றாள், படியிறங்கவில்லை.

டீச்சர் காகிதங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"அடிமடிப்பை மட்டும் மெஷின்ல அடிச்சிராதீங்கக்கா. கையால, எட்ட எட்டத் தைங்க. அடுத்த வருஷம் பிரிக்கணும்லா."